கழுவ வேண்டாத தட்டு

நான் பூமியைக் காப்பாற்றக் கிளம்பியது ஒருத்தியை வேலையை விட்டுத் துரத்துவதற்காக. அடையாற்றில் என்னை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்தியவர்களுக்கு இது தெரியாது. அவர்களிடம் கடல், ஆமை, நம் பேரன் பேத்திகள் என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள்.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் எங்கள் மெஸ். என் கணவர் சமையல், நான் கல்லா. எட்டு மேஜை, முப்பத்திரண்டு நாற்காலி, மதியச் சாப்பாடு மட்டும். வாசல் பலகையில் ‘ருசி பார்க்காமல் சமைத்தது’ என்று சிவப்பு எழுத்தில் எழுதி வைத்திருந்தோம். வெளியூர்க்காரர்கள் அதைப் படித்துவிட்டுச் சிரிப்பார்கள். எங்களுக்கு அது பெருமை. நைவேத்தியத்துக்கு முன் ஒரு சொட்டு நாக்கில் பட்டாலும் சமைத்தது மொத்தமும் எச்சில். நைவேத்தியம் ஆனதும் முதல் பந்தி வருகிறவர்களுக்கு. நாங்கள் உட்காருவது கடைசி ஆள் கை கழுவிக்கொண்டு போன பிறகு, மூன்று மணிக்கு. அதுவரை உப்பா புளியா என்பதெல்லாம் என் கணவரின் மூக்கு பார்த்துக்கொள்ளும். சாம்பார் கொதிக்கையில் அண்டாவுக்கு மேலே ஒரு தரம் குனிந்து நிமிர்வார். “அரைப்பிடி உப்பு” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு போடுவார். சரியாக இருக்கும். முப்பது வருஷம் அப்படித்தான் நடந்தது.

பிறகு கொரோனா வந்தது. அவர் பிழைத்தார், அவருடைய மூக்கு பிழைக்கவில்லை. கற்பூரத்தைப் பக்கத்தில் கொண்டுபோனால்கூட “என்னது இது?” என்று கேட்டார். போகப்போகச் சரியாகிவிடும் என்றார் டாக்டர். வருஷம் ஒன்றாயிற்று, இரண்டாயிற்று, ஒன்றும் சரியாகவில்லை. பலகையை மட்டும் நாங்கள் கழற்றவில்லை. மூக்குப் போன சமையற்காரர் ருசி பார்க்காமல் சமைக்கிறார் என்று தெரிந்தால் எவன் சாப்பிட வருவான்? எங்கள் இரண்டு பேரோடு போகவேண்டிய ரகசியம் அது. ஆனால் மூன்றாவதாக ஒருத்திக்கும் தெரிந்திருந்தது, பின்கட்டில் தட்டு கழுவுகிறவளுக்கு.

பதினோரு வருஷமாக எங்களிடம் இருந்தாள். பட்டினப்பாக்கத்திலிருந்து நடந்தே வருவாள். கொல்லைப்புறக் கதவு வழியாக வந்து அதே வழியாகப் போகவேண்டும். அவளுக்கென்று தனித் தம்ளர், அதை அவளே கழுவி ஜன்னல் மேல் கவிழ்த்து வைக்கவேண்டும். சமையல்கட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது. இதெல்லாம் நான் வைத்த சட்டங்கள். வைக்கும்போது எனக்கு ஒரு உறுத்தலும் இருந்ததில்லை.

அவள் கைகளைப் பற்றிச் சொல்லவேண்டும். சோப்புத்தூளும் கொதிநீரும் பதினோரு வருஷம் தின்ற கைகள். விரலிடுக்கெல்லாம் வெடித்து, ஓரத்தில் வெளுத்து, நடுவில் சிவந்து கிடக்கும். ரப்பர் க்ளவுஸ் ஒரு ஜோடி வாங்கித் தரச்சொல்லி நாலைந்து தரம் கேட்டாள். “அதைப் போட்டுண்டா பிசுக்கு போச்சா இல்லையான்னு கைக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். மறுபடி குழாயடிக்குப் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

எங்களிடம் எவர்சில்வர் தட்டு. அதன்மேல் வட்டமாக நறுக்கிய வாழையிலை. சாப்பிட்டு முடித்த தட்டு பின்கட்டுக்குப் போனதும், இலையைக் கூடையில் தட்டுவதற்கு முன்னால் அவள் ஒரு நொடி பார்ப்பாள். யாரும் அவளைப் பார்க்கச் சொல்லவில்லை. முதல் பந்தித் தட்டுகள் முடிந்ததும் நிலைப்படிக்கு வெளியே நின்று என்னைக் கூப்பிடுவாள்.

“மாமி, சாம்பார்ல உப்பு ஜாஸ்தி போல கீது. சோத்த பெசஞ்சிட்டு அப்டியே ஒதுக்கிக்கீறாங்க.”

“பொரியல்ல ஒண்ணியும் இல்ல மாமி. அல்லாரும் ஊறுகாய வச்சிக்கினு துன்னுக்கீறாங்க.”

நான் உள்ளே போய் என் கணவரிடம், “சாம்பார் கொஞ்சம் கரிக்கிறதோன்னு எனக்குத் தோண்றது” என்பேன். எனக்கே தோன்றிய மாதிரி. அவர் வெந்நீரோ வெல்லமோ சேர்ப்பார். இரண்டாம் பந்தி சரியாகிவிடும். மாமி கல்லாவில் உட்கார்ந்தபடியே பதம் சொல்லுவாள் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. நான் மறுக்கவில்லை.

எங்கள் வாடிக்கையாளர்கள் வாயைத் திறந்து குறை சொல்லமாட்டார்கள். ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து “பேஷா இருந்தது மாமி” என்பார்கள். முகத்துக்கு நேரே பொய்யைச் சொல்லிவிட்டு, உண்மையைத் தட்டில் வைத்துவிட்டுப் போகிறவர்கள் அவர்கள். அந்த உண்மையைப் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

இவ்வளவும் தெரிந்தே அவளைத் துரத்தினேன். காரணம் ஒரு கூட்டு.

அன்று சனிக்கிழமை, நல்ல கூட்டம். பூசணிக்காய்க் கூட்டு. அவள் வழக்கம்போல நிலைப்படியில் நின்று இரண்டு தரம் கூப்பிட்டிருக்கிறாள். நான் கல்லாவில் ஒரு டாக்டர் குடும்பத்தோடு பேசிக்கொண்டிருந்ததால் காதில் விழவில்லை. உண்மையைச் சொன்னால், விழுந்தது. காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவள் காத்திருக்கவில்லை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாகக் கூடத்துக்குள் வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ஈரக் கையில் ஒரு தட்டோடு.

“மாமி, கூட்டு ஊசிப்பூட்ச்சு. நூல் நூலா வருது. இன்னும் ஊத்திக்கினு கீறாங்க, நிறுத்தச் சொல்லு.”

டாக்டர் தன் தட்டைப் பார்த்தார். அவர் மனைவி விரலால் கூட்டைத் தொட்டு, முகர்ந்து, முகத்தைச் சுளித்தாள். நாலு மேஜை எழுந்து போயிற்று. அவள் சொல்லாமல் இருந்திருந்தால் பாதி மயிலாப்பூர் அன்று சாயங்காலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருக்கும். அவள் எங்களைக் காப்பாற்றினாள். எனக்கு நினைவிருந்ததெல்லாம் அவள் கூடத்துக்குள் வந்ததும், எல்லார் முன்னாலும் ஒருமையில் பேசியதும்தான். அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட்டு ஊசிய அன்றே அவளை அனுப்பியிருந்தால் ஏன் என்று ஊர் கேட்கும். சாக்கு வேண்டியிருந்தது. தி.நகரில் பாத்திரம் வாங்கப் போன இடத்தில் அது கிடைத்தது. கரும்புச் சக்கையில் அழுத்திச் செய்த வெள்ளைத் தட்டு. “மண்ணுல போட்டா மூணே மாசம்மா, மண்ணாவே ஆயிடும். கழுவவே வேணாம்” என்றான் கடைக்காரன். கழுவவே வேண்டாம் என்ற இரண்டு சொல் போதும், எனக்கு வயிறு குளிர்ந்துவிட்டது. அடியில் எங்கள் மெஸ் முத்திரையை அழுத்தித் தரமுடியுமா என்று மட்டும் கேட்டேன்.

அது லாரித் தண்ணீருக்குத் தெருவே குடத்தோடு காத்து நின்ற கோடை. தட்டு கழுவுகிற தண்ணீர் மிச்சம் என்று சொன்னால் எவரும் எதிர்க்கேள்வி கேட்கமுடியாது. பிளாஸ்டிக்கைத்தான் தடை செய்திருந்தார்கள். எவர்சில்வர் தட்டை யாரும் தடை செய்யவில்லை. வாழையிலை எங்கள் தெரு மாட்டுக்காரரின் மாடுகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. உள்ளபடி எங்கள் மெஸ்ஸில் குப்பை என்று ஒன்று இருந்ததே இல்லை. இருந்தும் பூமியைக் காப்பாற்றியே தீருவது என்று நான் முடிவு செய்தேன்.

மாதக் கடைசியில் அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“நாளைலேர்ந்து தட்டு கழுவ வேண்டாம். எல்லாம் மக்கற தட்டு. பூமிக்கு நல்லது.”

“தம்ளரு கீதே மாமி?”

“அதுவும் காகிதம்.”

“அண்டா, குண்டான்?”

“அதுக்கு உள்ளே ஆள் இருக்கான்.”

தன் கைகளைப் பார்த்தாள். பிறகு இரண்டையும் எனக்கு முன்னால் நீட்டினாள். “இந்தக் கைய பாத்துட்டு எவ மாமி என்னிய வீட்டு வேலைக்கு வெப்பா? தொத்து வியாதின்னு ஓடிடுவா. கூடத்துக்கு வந்தது தப்புதான். இனிமே வரமாட்டேன். சொல்லு மாமி, இன்னா செய்யணும்?”

அவளுக்குக் காரணம் தெரிந்திருந்தது. அதுதான் என்னை இன்னும் கோபப்படுத்தியது. “ஆஸ்பத்திரிக்குப் போய்க் கையைக் காமி. என்கிட்ட ஏன் காமிக்கறே?” என்றேன்.

வெறும் வயிற்றோடு அனுப்பினேன் என்ற பேச்சு வரக்கூடாது இல்லையா? புதுத் தட்டில் ஒன்றைப் பிரித்து, அதில் சாதமும் சாம்பாரும் பாயசமும் போட்டுக் கொடுத்தேன். கொல்லையில் குந்தி உட்கார்ந்து சாப்பிட்டாள். சாப்பிட்டு முடித்ததும் பழக்கத்தில் குழாயடிக்குப் போய் அந்தத் தட்டைக் கழுவினாள். சோப்புப் போட்டு, தேய்த்து, அலசி, தண்ணீர் வடியச் சுவரில் சாய்த்து வைத்தாள். அது சுவரில் நிற்காமல் துவண்டு மடங்கி விழுந்தது. நான் சிரித்தேன். என் கணவரைக் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவள் தட்டை எடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். கடைசியில் தன் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடையாற்றுக் கூட்டத்தில் இந்தக் கதையைத்தான் சொன்னேன். “மக்கற தட்டை விம் போட்டுத் தேய்ச்சா பாருங்கோ!” என்றேன். அரங்கமே சிரித்தது. கூட்டத்தை ஏற்பாடு செய்த பசுமைக் குழுவை நடத்தியவள் கோட்டூர்புரத்துப் பெண், கம்ப்யூட்டர் வேலை, என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவாள். “விழிப்புணர்வு இன்னும் அடித்தட்டு வரைக்கும் போகணும், இல்லையா ஆன்ட்டி?” என்றாள். ஆமாம் என்றேன்.

மெஸ்ஸில் புது ஏற்பாடு நன்றாகவே நடந்தது. சாப்பிட்டவர்கள் தட்டைத் தாங்களே இரண்டாக மடித்து, வாசலில் வைத்த பச்சைத் தொட்டியில் போட்டுவிட்டுப் போனார்கள். ஒருத்தர் எச்சிலை இன்னொருத்தர் தொடவேண்டாம் என்று வாடிக்கையாளர்களுக்கும் திருப்தி. அண்டா கழுவுகிறவன் எச்சில் தட்டைத் தொடமாட்டேன் என்றதால் நாங்களும் மூன்று மணிக்கு அதே தட்டில்தான் சாப்பிட்டோம். ரசம் ஊறி அடிப்பக்கம் மெத்தென்று ஆகிவிடும். பிசைந்து சாப்பிடும்போது தட்டையே பிசைகிறோமோ என்று இருக்கும். மாட்டுக்காரர் இரண்டு நாள் பார்த்துவிட்டு, இந்த அட்டையெல்லாம் என் மாட்டுக்கு வேண்டாம் என்று வருவதை நிறுத்திக்கொண்டார்.

என் கணவர் முதல் பந்தி முடிந்ததும் சமையல்கட்டிலிருந்து என்னையே பார்ப்பார். என்ன சொல்வது? எல்லாத் தட்டும் மடித்துக் கிடக்கிறது. “நன்னா இருக்குன்னு சொல்றா” என்பேன். ஒருநாள் ஆசாரத்தைக் கொஞ்சம் தளர்த்தி, நைவேத்தியம் ஆனவுடனே எல்லாவற்றிலும் ஒரு வாய் எடுத்துப் பார்த்தேன். எனக்கு எல்லாம் சரியாகவே இருந்தது. முப்பது வருஷமாக அவர் சமையலைத் தவிர வேறெதையும் சாப்பிடாத நாக்கு எனக்கு; அவர் எப்படிச் சமைத்தாலும் அதற்குச் சரிதான். ஊர் மெச்சிய என் நாக்கு அவ்வளவுதான் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன். இன்னொரு நாள் பச்சைத் தொட்டியின் மூடியைத் திறந்து குனிந்தேன். யாரோ சந்தில் வருகிற சத்தம் கேட்டது. எச்சில் தொட்டியைக் கிளறுகிறவளா நான் என்று உடனே மூடிவிட்டேன்.

கூட்டம் குறைய ஆரம்பித்தது. ஆடி மாசம், அதுதான் என்றேன். ஆவணியிலும் குறைந்தது.

அந்தச் சமயம் கோட்டூர்புரத்துப் பெண் ஒரு யோசனை சொன்னாள். எங்கள் தட்டு மண்ணாகிற இடத்தை வீடியோ எடுத்துப் போட்டால் நாலு பேர் பார்த்து மாறுவார்கள், கூட்டமும் வரும். ராஜா அண்ணாமலைபுரத்தில் கால்வாய் ஓரமாகக் குப்பை பிரிக்கிற கொட்டகைக்கு இரண்டு பேரும் போனோம். நாற்றம் தெருமுனையிலேயே வந்துவிட்டது. புடவைத் தலைப்பால் மூக்கை மூடிக்கொண்டேன். என் கணவருக்கு இந்தக் கஷ்டம் இல்லை என்று ஒரு நினைப்பு வந்து போயிற்று.

மேற்பார்வையாளர் நல்ல மனுஷர். தட்டு மக்குகிற குழியைக் காட்டச் சொன்னதும் சிரித்துவிட்டார். “இந்தத் தட்டா? நம்ம குழியில இது லேசுல மக்காதும்மா. கிளறக் கிளறத் தட்டாவே மேல வரும். எடுத்துத் தனியாப் போட்டு லாரியில குப்பைமேட்டுக்கு அனுப்பிடுவோம்.” அந்தப் பெண் கைபேசியைத் தாழ்த்திக்கொண்டாள்.

அப்போதுதான் மேஜைக்கு அந்தப் பக்கம் குப்பையைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி திரும்பினாள். சட்டைக்கு மேல் பச்சைக் கோட்டு, கையில் முழங்கை வரை கனத்த க்ளவுஸ்.

“இன்னா மாமி, நல்லா கீறீங்களா? மாமா எப்டி கீறாரு? மூக்கு வந்துச்சா?”

கோட்டூர்புரத்துப் பெண் என்னைப் பார்த்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் இவள் மேஜையிலிருந்து ஒரு தட்டை எடுத்து, மடிப்பை விரித்து, அடியில் இருந்த எங்கள் முத்திரையைக் காட்டினாள்.

“இங்க சேந்ததுலேர்ந்து தெனம் பாக்கறேன் மாமி. உப்பு ரொம்ப ஏறிப்பூட்ச்சு. கூட்டு அப்டியே வருது. மோர விட்டு ரெண்டு வாய் துன்னுட்டு எழுந்து பூடுறாங்க. சொல்லணும்னு நென்ச்சேன். எங்க வந்து சொல்றது? கதவாண்ட வந்தா நீங்க கோச்சிப்பீங்க.”

அதில் குத்தல் இல்லை. முதல் பந்தி முடிந்து நிலைப்படியில் நின்று சொல்வாளே, அதே குரல். அந்த நிமிஷம் நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். “ஆன்ட்டி, உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“யார் இவ? எனக்குத் தெரியாது. வேற யாரையோ நெனச்சுண்டு உளர்றா” என்றேன்.

அவள் தட்டை மெதுவாகப் பழைய மடிப்பிலேயே மடித்து லாரிக் குவியலில் போட்டாள். பிறகு தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அதுவும் போதவில்லை. கிளம்புகிற சமயம் மேற்பார்வையாளரைத் தனியாகக் கூப்பிட்டு, கடைப் பேரைக் கெடுக்கிறாள், வாய் நீளம், அவளை வேலையிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அவள அனுப்பிட்டா நாளைக்கு இந்த நாத்தத்துல நீங்க வந்து நிப்பீங்களாம்மா?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். இரண்டாம் தடவை அவளைத் துரத்த என்னால் முடியவில்லை.

கோட்டூர்புரத்துப் பெண் அதற்குப் பிறகு என் போனை எடுக்கவில்லை. மெஸ்ஸில் எட்டு மேஜையில் இரண்டு நிரம்பினாலே அதிகம் என்று ஆயிற்று. ஒருநாள் மூன்று மணிக்கு, எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது என் கணவர், “அவளைப் போய் அழைச்சுண்டு வா” என்றார்.

“எவளை?”

“என்கிட்ட நடிக்காதே. சாம்பார் கரிக்கறதுன்னு நீ வந்து சொல்றபோதெல்லாம், அது உன் நாக்கு சொல்றதுன்னு நான் நம்பினேனா? அவ குரல் உள்ள வரைக்கும் கேக்கும்டி. மூக்குதான் போச்சு, காது போகலை.”

மறுநாள் மாட வீதியில் ஒரு ஜோடி மஞ்சள் ரப்பர் க்ளவுஸ் வாங்கிக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். வழியெல்லாம் என்ன பேசுவதென்று ஒத்திகை பார்த்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை அந்த ஒத்திகையில் ஒரு தடவைகூட வரவில்லை. பழைய எவர்சில்வர் தட்டையே திரும்பக் கொண்டுவரப் போகிறேன், நீயும் வந்துவிடு, இந்தா க்ளவுஸ் என்று நீட்டினேன்.

அவள் அதை வாங்கவில்லை. தன் வலது கை க்ளவுஸை மட்டும் இழுத்துக் கழற்றிக் கையை எனக்கு முன்னால் நீட்டினாள். அன்று கொல்லையில் நீட்டிய அதே கை. விரலிடுக்கு மூடியிருந்தது. வெடிப்பு ஒன்றுகூட இல்லை.

“ஆறிப்பூட்ச்சு மாமி. ஆஸ்பத்திரிக்கெல்லாம் போவல. இங்க வந்தப்புறம் தானா ஆறிப்பூட்ச்சு.”

ஊர்க் குப்பையை அள்ளி ஆறிய கை, என் வீட்டில் அன்னம் சாப்பிட்ட தட்டைக் கழுவிப் புண்ணாகியிருந்தது. அவள் மறுபடி க்ளவுஸை மாட்டிக்கொண்டு மேஜைக்குத் திரும்பினாள். நான் அங்கேயே நின்றேன். எனக்கு வேறு வழி இல்லை.

“வரவேண்டாம். இங்கேயே இரு. எங்க தட்டுல தினமும் என்ன மிஞ்சறதுன்னு மட்டும் சொல்லு. நானே இங்க வந்து கேட்டுண்டு போறேன்” என்றேன்.

“எங்க மாமி உங்க தட்டு வருது? நேத்து மொத்தமே ஆறு. நாலுல போட்டது போட்டபடியே கீது. ரெண்டுதான் சுத்தமா வழிச்சுத் துன்னுகீது.” தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். “அது நீங்களும் மாமாவும்தானே?”